வாசகர் கேள்விகள்: சிறைக்குள் பெண்கள்

லண்டனின் ஹாலோவே பெண்கள் சிறையை 2016-ல் மூடிவிட்டார்கள் என்று போன மாதம் ஒரு பதிலில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, இந்த மாதம் முழுப் பக்கமும் அதற்கே. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: பெண்களுக்கென்று தனிச் சிறை எப்போது வந்தது? அதற்கு முன்னால் ஆண்களோடு சேர்த்தா அடைத்தார்கள்?

ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். 'இத்தனை வருஷம் உள்ளே கிட' என்பதே பழங்காலத்தில் வழக்கமான தண்டனை கிடையாது. ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டு வரைக்கும் சிறை என்பது காத்திருக்கிற இடம். விசாரணைக்கு, தூக்குக்கு, கசையடிக்கு, நாடு கடத்தும் கப்பலுக்கு, இல்லையென்றால் கடனைக் கட்டி முடிக்கிற நாளுக்கு. காத்திருக்கிறவர்கள்தானே என்று ஆண், பெண், குழந்தை குட்டி எல்லாரையும் ஒரே கட்டடத்தில் போட்டார்கள். சிறைக் காவலருக்குப் பல இடங்களில் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கைதிகளிடம் வாங்கும் காசுதான் வருமானம். படுக்க நல்ல இடம், விலங்கைக் கொஞ்சம் இலேசாக்குவது, எல்லாவற்றுக்கும் ஒரு விலை. காசில்லாத பெண்ணிடம் அவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தனி இடம் என்று பார்த்தால் ஆம்ஸ்டர்டாம் ரொம்ப முந்தியது. 1596-ல் ஆண்களுக்கு ஒரு திருத்த இல்லம் திறந்தார்கள், அங்கே பிரேசில் மரத்தைச் சாயத்துக்காகப் பொடியாக ராவுவது வேலை. அடுத்த வருஷமே பெண்களுக்கு 'ஸ்பின்ஹவுஸ்', நூல் நூற்கும் வீடு. காசு கொடுத்தால் வெளியாட்கள் உள்ளே போய் அந்தப் பெண்களை வேடிக்கை பார்க்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் அதன் வாசலில் ஒரு செய்யுளைப் பொறித்தார்கள். பயப்படாதே, நான் பழிவாங்கவில்லை, நல்வழிக்கு வரும்படி கட்டாயப்படுத்துகிறேன், என் கை கடினம், மனசு கனிவு என்பது அதன் சாரம். அடுத்த முந்நூறு வருஷப் பெண்கள் சிறை வரலாறு முழுக்க இதே குரல்தான் கேட்கும்.

அமெரிக்காவில் பெண்களுக்கான முதல் தனிச் சிறை நியூயார்க் மாநிலத்தின் மவுன்ட் பிளசன்ட், 1839. அது வந்ததற்குக் காரணம் ஆபர்ன் சிறை. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போன மாதிரிச் சிறை அது. ஆண்களுக்குத் தனித்தனி அறை, பட்டறை, கறாரான ஒழுங்கு. பெண்களை எங்கே வைத்தார்கள் தெரியுமா? சமையலறைக்கு மேலே இருந்த பரணில், ஒரே அறையில் இருபது முப்பது பேராக. ஆண்களோடு பேசிவிடக் கூடாதென்று ஜன்னல்களையும் அடைத்துவிட்டார்கள். சாப்பாட்டை உள்ளே கொண்டுபோவதும் கழிவை வெளியே எடுப்பதும் நாளுக்கு ஒரு தடவை. மற்றபடி யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 1832 வரை ஒரு பெண் மேற்பார்வையாளர்கூடக் கிடையாது. ரேச்சல் வெல்ச் என்ற கைதி சிறைக்குள்ளேயே கர்ப்பமானார். கர்ப்பிணியாக இருந்தபோதே சிறை அதிகாரி ஒருவர் அவரைக் கசையால் அடித்தார். குழந்தை பிறந்த கொஞ்ச நாளில், 1826-ல், இறந்துபோனார். ஆணாக இந்தச் சிறையில் இருப்பதைச் சகித்துக்கொள்ளலாம், பெண்ணாக நீண்ட நாள் இருப்பது சாவைவிட மோசம் என்று 1833-ல் எழுதியவர் அந்தச் சிறையின் பாதிரியாரேதான்.

இதற்கெல்லாம் கெட்ட எண்ணம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. எண்ணிக்கைதான் பெரிய காரணம். பெண் கைதிகள் எந்தக் காலத்திலும் கொஞ்சம் பேர்தான். நாலு பேருக்காகத் தனிக் கட்டடம், தனி டாக்டர், தனிப் பட்டறை, உலாவத் தனி முற்றம் என்று எந்த அரசாங்கம் செலவு செய்யும்? மாடி இருக்கிறதா, பின்கட்டு இருக்கிறதா, அங்கே போடு. கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இதுவே அடிப்படை.

கேள்வி: அந்தக் காலத்துப் பெண்கள் அப்படி என்ன குற்றம் செய்தார்கள்?

திருட்டு, அதிலும் சில்லறைத் திருட்டு. எஜமானி வீட்டுத் துணி, வெள்ளிக் கரண்டி, கடையிலிருந்து ஒரு முழத் துணி, அடகுக் கடையில் உடனே காசாகிற எதுவும். அப்புறம் குடி, தெருவில் திரிந்தது, பாலியல் தொழில். கொலை, கொள்ளை எல்லாம் பட்டியலில் ரொம்பக் கீழே.

ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் சுவாரஸ்யம். ஒரு ஆண் செய்தால் குற்றமே ஆகாத எதெதற்குப் பெண்கள் உள்ளே போனார்கள்? இங்கிலாந்தில் 1624-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கல்யாணமாகாத பெண் குழந்தை பெற்று, அது இறந்து, அதை அவள் மறைத்திருந்தால் கொலைகாரி என்றே கொள்ள வேண்டும். குழந்தை பிறக்கும்போதே இறந்திருந்தது என்பதை ஒரு சாட்சியாவது வைத்து அவள்தான் நிரூபிக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் தனியாகப் பெற்றவள் சாட்சிக்கு எங்கே போவாள்? பின்னாளில் ஜூரிகளே மனசு கேட்காமல் விடுதலை செய்யத் தொடங்கிவிட்டார்கள், ஆனாலும் சட்டப் புத்தகத்திலிருந்து அதை எடுக்க 1803 ஆகிவிட்டது. அந்தக் குழந்தையின் தகப்பனைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலையே இல்லை.

இன்னொன்று, 1864-ல் பிரிட்டனில் வந்த தொற்றுநோய்ச் சட்டம். படைவீரர்களுக்குப் பால்வினை நோய் பரவுகிறதாம், அதனால் படைமுகாம் ஊர்களில் பாலியல் தொழிலாளி என்று போலீஸ் சந்தேகப்படுகிற பெண்ணைப் பிடித்து உடல் பரிசோதனை செய்யலாம். நோய் இருந்தால் பூட்டிய ஆஸ்பத்திரி, பரிசோதனைக்கு மறுத்தால் சிறை. வீரர்களுக்குப் பரிசோதனை? அது அவர்கள் மானத்தைப் பாதிக்குமாம்! ஜோசபின் பட்லர் என்ற பெண்மணி வருஷக்கணக்கில் போராடி 1886-ல் அந்தச் சட்டத்தை ஒழித்தார். இந்தியாவுக்கும் 1868-ல் அதே சட்டம் வந்து 1888 வரை இருந்தது.

கேள்வி: கர்ப்பிணிகளைத் தூக்கிலிட மாட்டார்கள் என்று ஒரு தொடரில் பார்த்தேன். உண்மையா?

தள்ளிப்போடுவார்கள். தீர்ப்பு வந்ததும் 'வயிற்றில் குழந்தை இருக்கிறது' என்று பெண் முறையிடலாம். உடனே நீதிமன்றத்தில் இருக்கிற அனுபவப்பட்ட பெண்கள் சிலரைக் கூப்பிட்டு ஒரு பெண்கள் ஜூரி அமைத்துச் சோதிக்கச் சொல்வார்கள். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த ஆங்கில நீதிமன்றத்தில் பெண்ணின் சொல் தீர்ப்பானது இந்த ஒரு இடத்தில்தான். அந்த ஜூரி சில சமயம் இல்லாத கர்ப்பத்தையும் 'இருக்கிறது' என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறது. தள்ளிப்போட்ட தண்டனை பிறகு நாடு கடத்தலாகவோ மன்னிப்பாகவோ மாறுவதும் உண்டு. கடற்கொள்ளைக்காரிகள் மேரி ரீட், ஆன் போனி இருவரும் 1720-ல் ஜமைக்காவில் இப்படித்தான் தூக்கிலிருந்து தப்பினார்கள். மேரி ரீட் அடுத்த வருஷமே சிறையில் இறந்துபோனார். கர்ப்பிணிக்கு மரண தண்டனையே விதிக்கக் கூடாது என்று இங்கிலாந்து சட்டம் போட்டது 1931-ல்.

கேள்வி: எலிசபெத் ஃப்ரை பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்தோம். நிஜமாகவே அவ்வளவு பெரிய ஆளா, இல்லை பாடப் புத்தகம் ஏற்றிச் சொல்கிறதா?

பெரிய ஆள்தான், ஆனால் பாடத்தில் வருகிற அளவுக்கு நேர்க்கோடான கதை இல்லை. குவாக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர், வசதியான வீடு, நிறையக் குழந்தைகள். 1813-ல் லண்டன் நியூகேட் சிறையில் பெண்கள் பகுதிக்குத் துணி கொண்டுபோனார். உள்ளே சுமார் முந்நூறு பெண்கள், அவர்களோடு குழந்தைகள். தண்டனை பெற்றவர்கள், விசாரணைக்குக் காத்திருப்பவர்கள் என்ற வித்தியாசமெல்லாம் இல்லை. அந்தப் பகுதிக்குள் நுழையக் காவலர்களே பயப்பட்டார்கள், கடிகாரத்தை வெளியே வைத்துவிட்டுப் போங்கள் என்று அவருக்கும் யோசனை சொன்னார்கள். அங்கே அவர் பார்த்ததாகச் சொல்லப்படுகிற ஒரு காட்சி இன்றுவரை எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. இரண்டு பெண்கள் இறந்த குழந்தையின் உடையைக் கழற்றி உயிரோடிருந்த இன்னொரு குழந்தைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1817-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். குழந்தைகளுக்கு உள்ளேயே பள்ளிக்கூடம், பெண்களுக்குத் தையல் வேலை, வேலைக்குக் கூலி. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. சிறை விதிகளை ஒவ்வொன்றாக வாசித்து, அந்தப் பெண்களையே கை தூக்கி ஒப்புதல் தரச் சொன்னார். 1817-ல்! அந்தக் கைதிகளின் கருத்தை அதுவரை எவரும் எதற்கும் கேட்டதில்லை. அடுத்த வருஷம் நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொன்னார். 1823-ல் வந்த சிறைச் சட்டம், பெண் கைதிகளைப் பெண் காவலர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது.

மறுபக்கமும் இருக்கிறது. அவர் பைபிள் வாசிப்பதையும் கைதிகள் அடக்கமாக உட்கார்ந்து கேட்பதையும் பார்க்கப் பெரிய மனிதர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் காசு வாங்கி வேடிக்கை காட்டினார்கள், இங்கே பக்தியோடு வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம், திருந்துவது என்றால் பணிவும் தையலும்தான் என்ற எண்ணம் அவரோடு வந்து பெண்கள் சிறைகளில் ரொம்ப காலத்துக்கு உட்கார்ந்துவிட்டது.

கேள்வி: ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் அனுப்பினார்களே, அதில் பெண்களும் உண்டா?

உண்டு. 1788 முதல் 1868 வரை போன சுமார் 1,62,000 கைதிகளில் ஏறக்குறைய 25,000 பேர் பெண்கள். பெரும்பாலும் திருட்டுக்காக ஏழு வருஷமோ பதினாலு வருஷமோ தண்டனை பெற்றவர்கள். தண்டனை முடிந்தாலும் திரும்பி வரக் கப்பல் கட்டணத்தை யார் தருவார்கள்? போனவர்கள் போனவர்கள்தான்.

அங்கே இறங்கியதும் வீட்டு வேலைக்குக் குடியேறிகளிடம் ஒப்படைப்பார்கள். இடம் கிடைக்காதவர்கள், வேலையிடத்தில் தண்டிக்கப்பட்டவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாருக்கும் 'பெண்கள் ஃபேக்டரி' என்று ஒரு இடம். பேர் ஃபேக்டரி, ஆனால் சிறை, சலவைக்கூடம், பிரசவ விடுதி, வேலையாள் தேடி வருகிறவர்கள் பொறுக்கிக்கொண்டு போகிற சந்தை, நாலும் அதேதான். ஹோபார்ட்டின் காஸ்கேட்ஸ் ஃபேக்டரி 1828-ல் ஆரம்பித்தது, வெயில் அதிகம் எட்டிப் பார்க்காத ஈரமான பள்ளத்தாக்கு. குழந்தைகள் அங்கே செத்துக்கொண்டே இருந்தன. எஜமான் வீட்டில் கர்ப்பமானால் தண்டனை அவளுக்கு. பிரசவத்துக்கு ஃபேக்டரி, பால் மறந்ததும் குழந்தையைப் பிரித்து வேறிடம், தாய்க்குக் குற்றவாளி வகுப்பில் ஆறு மாசம் போலத் துணி துவைக்கிற வேலை. அந்த வகுப்புக்காரர்களின் உடையில் மஞ்சள் நிறத்தில் 'சி' எழுத்து தைத்திருக்கும்.

அவர்கள் ரொம்ப வெறுத்த தண்டனை தலையை மொட்டையடிப்பது. அதிகாரிகளுக்கும் அது நன்றாகத் தெரியும், அதனால்தான் அதை விடவே இல்லை. ஆனால் இந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். 1827-ல் பாரமட்டா ஃபேக்டரியில் சாப்பாட்டு அளவைக் குறைத்ததும் கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் போய் ரொட்டிக் கடைகளையும் இறைச்சிக் கடைகளையும் சூறையாடிவிட்டார்கள். பட்டாளம் வந்துதான் திரும்பக் கூட்டிப்போக முடிந்தது.

ஒரு துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃப்ரையின் சங்கம் கப்பல் ஏறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை கொடுக்கும், உள்ளே ஊசி, நூல், ஒட்டுத் துணிகள். 1841-ல் 'ராஜா' என்ற கப்பலில் போன சுமார் 180 பெண்களில் சிலர், மூன்று மாதத்துக்கும் மேலான அந்தப் பயணத்தில் 2,815 துண்டுத் துணிகளைச் சேர்த்துப் பெரிய விரிப்பு ஒன்றைத் தைத்து முடித்தார்கள். கீழே சின்ன எழுத்தில் சங்கத்துக்கு நன்றியும் தைத்திருக்கிறார்கள். நடுவில் வருகிற பூக்களும் பறவைகளும் கை தேர்ந்தவர்கள் வெட்டி ஒட்டியவை, ஓரங்களில் தையலைப் பார்த்தால் ஊசி பிடித்தே பழகாத கைகளும் அதில் இருந்தது தெரியும். எங்கேயோ தொலைந்து, ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, இன்று கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது.

கேள்வி: பெண் அதிகாரிகள் வந்த பிறகு நிலைமை மாறியிருக்குமே?

உடம்புக்கு ஆபத்து குறைந்தது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இன்னொரு சிக்கல் முளைத்தது, எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்ப விசித்திரமாகத் தோன்றுவது இதுதான். அமெரிக்காவில் 1873-ல் இண்டியானாவில் முழுக்கப் பெண்களே நடத்தும் சிறை வந்தது, 1877-ல் மாசசூசெட்ஸில் ஃபிரேமிங்ஹாம், 1901-ல் நியூயார்க்கில் பெட்ஃபோர்டு ஹில்ஸ். சிறையறைக்குப் பதில் சின்னச் சின்ன வீடுகள், தோட்டம், சமையல், தையல். பார்க்க அழகுதான். ஆனால் பெண்ணைத் திருத்த நாள் ஆகும் என்று சொல்லித் தண்டனைக் காலத்தை நீட்டினார்கள்! ஒரு ஆண் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தால் சில நாள் உள்ளே இருந்துவிட்டு வந்துவிடுவான். அதே தப்புக்கு, அல்லது 'நடத்தை சரியில்லை' என்பதற்கு, ஒரு இளம்பெண் திருத்த இல்லத்தில் வருஷக்கணக்கில் இருக்க வேண்டும், எப்போது விடுவது என்பது நிர்வாகத்தின் விருப்பம்.

பென்சில்வேனியாவில் இது எதுவரை போனது பாருங்கள். கொள்ளை வழக்கில் ஒரு பெண்ணுக்கு நீதிபதி ஒன்று முதல் நாலு வருஷம் என்று தண்டனை கொடுத்தார். ஒரு மாசம் கழித்து, பெண்களுக்கு வேறு சட்டமாச்சே என்று ஞாபகம் வந்து, அதை ரத்து செய்துவிட்டுப் பத்து வருஷம் வரை நீளக்கூடிய தண்டனையாக மாற்றினார். அந்தப் பெண் மேல்முறையீடு செய்தார், 1968-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. 1968 என்றால் நம் வாசகர்களில் பலர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம்.

கேள்வி: ஓட்டுரிமை கேட்ட பெண்களுக்குச் சிறையில் மூக்கு வழியாகச் சாப்பாடு கொடுத்தார்களாமே?

கொடுத்தார்கள். பிரிட்டனில் 1905-க்கும் 1914-க்கும் இடையில் ஓட்டுரிமைப் போராளிகள் ஆயிரம் பேர் போலச் சிறை சென்றார்கள், பலர் ஹாலோவேயில். தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்று கேட்டார்கள், அரசு மறுத்தது. 1909 ஜூலையில் மேரியன் வாலஸ் டன்லப் என்ற ஓவியர் யாரிடமும் கேட்காமல் உண்ணாவிரதம் ஆரம்பித்தார், 91 மணி நேரத்தில் விடுதலை. நல்ல வழி என்று மற்றவர்களும் பிடித்துக்கொள்ள, செப்டம்பரில் அரசு குழாயை எடுத்தது. நாலைந்து பேர் கை கால்களை அமுக்கிக்கொள்ள, மூக்கு வழியாகவோ, இரும்புக் கருவியால் வாயைத் திறந்து தொண்டை வழியாகவோ ரப்பர் குழாயை இரைப்பை வரை இறக்கி, புனலில் முட்டையும் பாலும் ஊற்றுவார்கள்.

இதில் கான்ஸ்டன்ஸ் லிட்டன் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அப்பா யார் தெரியுமா? தாது வருஷப் பஞ்சத்தின்போது இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த அதே லிட்டன் பிரபு. 1909-ல் நியூகாசில் சிறையில் மகள் உண்ணாவிரதம் இருந்தபோது டாக்டர் வந்து இதயத்தைச் சோதித்தார், பலவீனம் என்றார், குழாய் வைக்காமலே அனுப்பிவிட்டார்கள். கூட இருந்த சாதாரணக் குடும்பத்துப் பெண்களுக்கு அந்த மரியாதை இல்லை. அம்மணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இது இதயத்துக்குக் கிடைத்த சலுகையா, குடும்பப் பெயருக்குக் கிடைத்ததா? அடுத்த ஜனவரியில் முடியை வெட்டி, மலிவுத் துணியும் கண்ணாடியும் போட்டு, 'ஜேன் வார்ட்டன், தையல்காரி' என்ற பெயரில் லிவர்பூலில் கைதானார். வால்டன் சிறையில் அவர் இதயத்தை முன்கூட்டி யாரும் சோதிக்கவில்லை. எட்டு முறை குழாய் இறக்கினார்கள். முதல் முறை அவர் வாந்தி எடுத்ததும் டாக்டர் கன்னத்தில் அறைந்தார். யாரென்று தெரிந்தபோது அவசர அவசரமாக விடுதலை. 1912-ல் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, இடது கையாலேயே தன் சிறை அனுபவங்களை எழுதி முடித்தார். 1923-ல் காலமானார். சிறைக்குள் வர்க்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு கச்சிதமாக வேறு யாரும் நிரூபித்ததாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: கணவர் செய்த 'குற்றத்துக்காக' மனைவிகளைச் சிறையில் போட்ட நாடு உண்டா?

உண்டு, சட்டப்படியே. ஸ்டாலின் காலத்தில் 1937 ஆகஸ்டில் வந்த ரகசிய உத்தரவு, துரோகிகள் என்று தண்டிக்கப்பட்டவர்களின் மனைவிகளுக்கு ஐந்து முதல் எட்டு வருஷம் முகாம் என்றது. தனியாகக் குற்றம் எதுவும் தேவையில்லை, மனைவியாக இருப்பதே போதும். குழந்தைகள் அரசு விடுதிக்கு. கஜகஸ்தானில் அல்ஜிர் என்று இப்படிப்பட்ட மனைவிகளுக்கென்றே ஒரு முகாம் இருந்தது, இன்று அது நினைவிடம். முகாமுக்குப் பக்கத்துக் கஜக் கிராமத்தார் ஒருநாள் இவர்கள் மீது கல்லெறிவதாகக் காவலர்கள் சிரித்தார்களாம். ஒரு பெண் தடுக்கி அந்தக் 'கற்கள்' மேல் விழுந்தபோதுதான் பால் வாசம் வந்தது, எல்லாம் உலர்த்திய பாலாடை உருண்டைகள். இந்தக் கதை அங்கே இன்றும் சொல்லப்படுகிறது.

நாஜிகள் பெண்களுக்கென்றே நடத்திய ராவன்ஸ்புரூக் முகாமைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 1939 மே மாதம் திறந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதற்குள் போனார்கள். காவலில் பெரும்பகுதி பெண்களே, பெண் அதிகாரிகள் வந்த பிறகு நிலைமை மாறியிருக்குமே என்று கேட்டவர் இதைக் கவனிக்கவும். போலந்துப் பெண்கள் எழுபது பேருக்கு மேல் காலில் வெட்டி, கிருமி வைத்து, மருந்துப் பரிசோதனை செய்தார்கள். அவர்களில் சிலர் தணிக்கைக்குத் தெரியாமல் இதை வெளியே சொன்ன விதம் அபாரம். வீட்டுக்கு எழுத அனுமதித்த கடிதத்தின் வரிகளுக்கு நடுவே சிறுநீரைத் தொட்டு எழுதினார்கள். காய்ந்தால் தெரியாது, சூடு காட்டினால் எழுத்து வரும். வீட்டாருக்கு அது எப்படித் தெரியும்? முதல் கடிதத்தின் வரிகளில் முதல் எழுத்துகளை மட்டும் சேர்த்துப் படித்தால் 'சிறுநீரில் கடிதம்' என்று வரும்படி எழுதியிருந்தார்கள். அண்ணன் தம்பிகளோடு சின்ன வயதில் படித்த ஒரு சிறுவர் கதையில் அப்படி ஒரு உத்தி வருமாம், கடிதத்தில் அந்தக் கதையை ஜாடையாக ஞாபகப்படுத்தி, வீட்டில் புரிந்துகொள்ளவும் வைத்துவிட்டார்கள்.

கேள்வி: அயர்லாந்தின் 'மக்தலேன் சலவையகங்கள்' சிறையா, மடமா?

மடத்து சகோதரிகள் நடத்தியது, ஆனால் வாசல் வெளியிலிருந்து பூட்டியது. கல்யாணத்துக்கு முன் தாயானவர்கள், அனாதைகள், 'கெட்டுவிடுவாள்' என்று வீட்டார் பயந்த பெண்கள், நீதிமன்றம் அனுப்பியவர்கள், எல்லாரும் கூலியில்லாமல் துணி துவைத்தார்கள். 1922-க்குப் பிறகு மட்டும் பத்தாயிரம் பேருக்குக் குறையாது. கடைசி சலவையகத்தை மூடியது 1996-ல், அரசு மன்னிப்புக் கேட்டது 2013-ல். தண்டனைக் காலம் எழுதப்படாத சிறை என்று நான் சொல்வேன்.

கேள்வி: நம் நாட்டு வரலாறு என்ன? சுதந்திரப் போராட்டப் பெண்களைத் தவிர யாரையும் பற்றிப் படித்ததில்லை.

அதற்குக் காரணம் எளிது. ருக்மிணி லட்சுமிபதி 1930-ல் உப்பு சத்தியாகிரகத்தில் சிறை போனார், பின்னால் அமைச்சராகவும் ஆனார், அதனால் பாடத்தில் வந்துவிட்டார். அதே காலத்தில் திருட்டு வழக்கிலோ சிசுக்கொலை வழக்கிலோ உள்ளே இருந்தவர்களைப் பற்றி யார் எழுதினார்கள்? அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது.

சட்டம் காகிதத்தில் மோசமில்லை. 1894 சிறைச் சட்டமே பெண்களை ஆண்களின் பார்வையும் பேச்சும் படாத தனிக் கட்டடத்திலோ தனிப் பகுதியிலோ வைக்கச் சொன்னது, பெண்ணுக்குச் சாட்டையடியும் விலங்கும் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது என்றது. நடைமுறையில் அந்தத் 'தனிப் பகுதி' ஆண்கள் சிறைக்குள்ளே மதில் வைத்துப் பிரித்த ஒரு துண்டு.

1979-ல் பீகார் விசாரணைக் கைதிகள் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது ஒரு விஷயம் வெளிப்பட்டது. எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத பெண்கள் சிறையில் இருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகள். 'பாதுகாப்புக்காக' வைத்திருக்கிறார்களாம். பாதுகாப்பு இல்லங்கள் இல்லாததால் சிறையே பாதுகாப்பு இல்லம் ஆகிவிட்டது. நீதிமன்றம் கொதித்துப்போய் அவர்களை உடனே விடுவிக்கச் சொன்னது. 1983-ல் இன்னொரு வழக்கு. பத்திரிகையாளர் ஷீலா பார்சே பம்பாய் சிறையில் 15 பெண் கைதிகளைப் பேட்டி கண்டார், அதில் 5 பேர் போலீஸ் காவலில் அடிபட்டதைச் சொன்னார்கள். அவர் எழுதிய கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு, பெண்களைப் பெண் காவலர் முன்னிலையில்தான் விசாரிக்க வேண்டும், பெண்களுக்குத் தனி லாக்கப் வேண்டும் என்று உத்தரவு வந்தது.

2006-ல் வந்த தீர்ப்பு குழந்தைகளைப் பற்றியது. ஆறு வயது வரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம், அதற்கு உணவு, மருத்துவம், படிப்பு தனியாகத் தர வேண்டும். அதில் ஒரு சின்ன உத்தரவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிறையில் பிறக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் 'சிறை' என்று எழுதக் கூடாது, அந்தப் பகுதியின் பெயரை மட்டும் எழுத வேண்டும்.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் என்கிறீர்கள். பிறகு இவ்வளவு விவரம் எங்கிருந்து கிடைக்கிறது?

அவர்களைப் பிடித்தவர்களின் நோட்டுப் புத்தகங்களிலிருந்து. டாஸ்மேனியாவின் கைதிப் பதிவேடுகள் இதில் புதையல், ஆஸ்திரேலியக் கைதி ஆவணங்களை யுனெஸ்கோவே உலக நினைவுப் பதிவேட்டில் 2007-ல் சேர்த்திருக்கிறது. ஒவ்வொரு பெண்ணுக்கும் வயது, உயரம், கண் நிறம், தழும்பு, பச்சை, என்ன திருடினாள், எந்தக் கப்பல். அதற்குக் கீழே அடுத்தடுத்த வருஷங்களின் 'தப்புகள்': குடித்திருந்தாள், எஜமானியை எதிர்த்துப் பேசினாள், சொல்லாமல் வெளியே போனாள். அதிகாரி அதை ஒழுங்கீனம் என்றுதான் எழுதினார். வரிசையாகப் படித்துப் பாருங்கள், அடங்கிப்போகச் சம்மதிக்காத ஒரு மனுஷி தெரிவாள். ஆனால் அவள் என்ன பேசினாள் என்பது மட்டும் அந்தப் பக்கத்தில் இருக்காது.

கேள்வி: இப்போது உலகம் முழுக்க எத்தனை பெண்கள் சிறையில் இருக்கிறார்கள்? நிலைமை தேவலையா?

2022-ல் வந்த கணக்குப்படி 7,40,000-க்கும் மேல். மொத்தக் கைதிகளில் 7 சதவீதம் போல, அதாவது இன்னும் அதே 'கொஞ்சம் பேர்'. ஆனால் 2000-லிருந்து பார்த்தால் ஏறத்தாழ 60 சதவீதம் கூடியிருக்கிறது, ஆண்களின் எண்ணிக்கை கூடிய வேகத்தைவிட இது ரொம்ப அதிகம்.

2010-ல் ஐ.நா. பொதுச் சபை 70 விதிகளை ஏற்றது, தாய்லாந்து முன்னெடுத்ததால் பாங்காக் விதிகள் என்று பெயர். மாதவிடாய்த் துணி இலவசமாகக் கொடு, பிரசவ வலியின்போதும் பிரசவத்தின்போதும் உடனடியாகப் பிறகும் விலங்கு போடாதே என்பதெல்லாம் அதில் விதிகளாக எழுதப்பட்டிருக்கின்றன. எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது, ஏனென்றால் போட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் மத்திய அரசு சிறைகளில் கர்ப்பிணிகளுக்கு விலங்கு போடுவதைச் சட்டம் தடை செய்தது 2018 டிசம்பரில்தான், மாநிலச் சிறைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

மரண தண்டனை பற்றி வந்த நாலு கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.